இயக்குநருக்கு ஒரு மிரர் போர்ட்

திருச்சியில் சான்றிதழ் வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கிய சான்றிதழ் சான்றிதழ்தான் என்று இன்னொரு சான்றிதழ் வாங்க வேண்டும் பாருங்கள், அதுதான் பெரிய காரியம். அதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைகிற வழியில் மூன்று மாடிக் கட்டடம், வாசலில் வேப்பமரம், மரத்தடியில் ஜெராக்ஸ் கடை. பெயர், மெய்ச்சான்று இயக்ககம். மற்ற அலுவலகங்கள் மனிதர்களை நம்பாது. இந்த இயக்ககம் மற்ற அலுவலகங்களையே நம்பாது. அதனால் இதற்கு மரியாதை கூடுதல்.

அங்கே கொஞ்ச நாளாக ஒரு கோளாறு. காலையில் பத்து மணிக்கு எல்லாக் கம்ப்யூட்டரும் ஒழுங்காக ஓடும். பத்தரை ஆனால் படுத்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உயிர் வரும். மூன்று மணிக்கு மறுபடி படுக்கும். சாயங்காலம் இயக்குநரின் கார் வாசலைத் தாண்டியதும் சுறுசுறுப்பாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இதை ஊழியர்கள் கவனிக்காமல் இல்லை. “சார் வந்தா சிஸ்டமே வாயப் பொத்திக்கிட்டு நிக்குது” என்று பெருமையாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

கோளாறைச் சரிசெய்ய வந்தவன் லக்ஷ்மணன். புத்தூர்க்காரன். தில்லைநகரில் உள்ள ஒரு சின்ன கம்பெனியில் வேலை. இந்த மாதிரி நாலைந்து அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. பொறுமைசாலி என்று சொல்லலாம். கேபிள் பிடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே பெரிய பெரிய சந்தேகங்களில் இறங்கிவிடுகிற ஆள்.

அவனுக்கு இதில் சொந்தக் கவலை ஒன்றும் இருந்தது. அவன் மனைவி பானுமதி லேப் டெக்னீஷியன் படித்தவள். பிள்ளை பிறந்ததும் விட்ட வேலையை எட்டு வருஷம் கழித்துத் திரும்பப் பிடித்திருந்தாள். ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அவளுடைய டிப்ளமோவுக்கு மெய்ச்சான்று வாங்கி வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்து காத்திருக்கிற ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளுடைய விண்ணப்பம் இந்த அலுவலகத்துக்குள்தான் எங்கேயோ உயிரோடு இருந்தது.

“நீங்க சரிபண்ற ஆபீஸ்லதானே என் பேப்பர் கெடக்கு. ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன?” என்றாள் திங்கட்கிழமை காலை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

“கேட்டா, கான்ட்ராக்ட்காரன் பொண்டாட்டிக்கு எதுக்கு அவசரம்னு ஒரு கேள்வி போடுவாங்க. அதுக்கு நீ பதில் எழுதணும்” என்றான் லக்ஷ்மணன்.

அவள் டிபன் பாக்ஸை அவன் கையில் கொடுத்தாள். ஏற்கெனவே வந்த இரண்டு கேள்வியிலேயே களைத்திருந்தாள். முதல் கேள்வி: ‘டிப்ளமோவில் உள்ள புகைப்படத்தில் இரட்டை ஜடை உள்ளது. விண்ணப்பத்தில் ஒற்றை ஜடை. விளக்கம் தருக.’ வயதாகிவிட்டதால் ஒற்றை ஜடை என்று எழுதினாள். இரண்டாவது கேள்வி: ‘வயதாகிவிட்டதற்கு ஆதாரம் இணைக்கவும்.’

இந்தக் கேள்விகளைக் கேட்பவர் இயக்குநர் திரு. ஜெய்சங்கர். அவருடைய கொள்கை எல்லோருக்கும் தெரியும். கேள்வி கேட்காமல் ஒரு கோப்பும் அவருடைய மேசையைத் தாண்டியதில்லை. கோப்பு அவருக்குப் போய் அலுவலக நேரத்தில் ஒரு மணி நேரம் அவர் ஒன்றும் கேட்காமல் இருந்தால் அது தானாகவே ஒப்புதலாகிவிடும் என்று விதியில் இருக்கிறது. மக்கள் நலனுக்காக யாரோ நல்ல மனுஷர் எழுதிய விதி. மென்பொருள் செய்தவர்களும் அதைச் சிரத்தையாக உள்ளே வைத்திருந்தார்கள். ஜெய்சங்கர் வந்த நாளிலிருந்து அந்த விதிக்கு வேலை வரவில்லை. எந்தக் கோப்பையும் ஒரு மணி நேரத்துக்குள் அவர் ஏதாவது கேட்டுவிடுவார்.

லக்ஷ்மணன் முதலில் பார்த்தது கண்காணிப்பாளர் ஸ்ரீரங்கராஜனை. நெற்றியில் திருமண், மேசையில் முத்திரை, பேச்சில் நிதானம். மூன்று தலைமுறையாக ஸ்ரீரங்கத்தில் உள்ள குடும்பம். அலுவலகத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார்.

“சார், எல்லாக் கம்ப்யூட்டர் கேபிளும் ஸ்டோர் ரூம்ல ஒரு பெட்டில வந்து சேருதுல்லங்களா, அதுதான் ஸ்விட்ச். அதுல ஒரு வசதி இருக்கு. சர்வர் கேபிள்ல போறது வர்றது எல்லாத்தையும் நகல் எடுத்து இன்னொரு துளைக்கு அனுப்பச் சொல்லலாம். அதுக்கு மிரர் போர்ட்னு பேரு. அதுல என் லேப்டாப்ப மாட்டினா, யாரு சர்வர்கிட்ட என்ன கேட்டு நெரிசல் பண்றாங்கன்னு தெரிஞ்சுடும். அந்தத் துளை வழியா எல்லாம் வரும். ஆனா அதுலேர்ந்து எதுவும் வெளிய போகாது. கேட்டுக்க மட்டும்தான் முடியும்.”

ஸ்ரீரங்கராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கு ஒரு துளை காலியா வேணும், அப்படித்தானே?”

“ஆமாங்க சார்.”

“காலின்னு ஒண்ணும் இல்லையே. இருபத்து நாலு துளை. ஒண்ணாம் துளை இயக்குநர். ரெண்டாவது இணை இயக்குநர். அப்படியே சர்வீஸ் கிரமப்படி இறங்கி வரது. கோயில்ல தீர்த்தம் சாதிக்கறச்சே யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு இருக்கோல்லியோ. ஆபீஸ்லயும் கிரமம் வேணும். யாருக்காவது புரமோஷன் வந்தா அடியேனே போய் கேபிளை எடுத்து மேல சொருகிடுவேன்.”

லக்ஷ்மணன், ஸ்விட்சில் எந்தத் துளையில் மாட்டினாலும் ஒன்றுதான் என்று சொல்ல நினைத்தான். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை.

“ஏழாம் துளை காலியாத்தானே சார் தெரியுது?”

“அது துணை இயக்குநர் ஸ்தானம். மனுஷர் ரிடையர் ஆயாச்சு. பதவி இருக்கு. பதவி இருக்கறவரைக்கும் துளையும் இருக்கும். அதுல நீங்க உட்காரணும்னா கூடுதல் பொறுப்பு ஆணை வேணும்.”

ஆணை சாயங்காலம் வந்தது. ‘திரு. லக்ஷ்மணன், ஒப்பந்தப் பணியாளர், தமது பணிகளுடன் சேர்த்து ஏழாம் முனையின் பொறுப்பையும் கூடுதலாகக் கவனிப்பார். இதற்காகத் தனிப்படி கோர இயலாது.’ லக்ஷ்மணன் அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பானுமதியிடம் காட்டியபோது, “பரவால்லயே, ஒரே நாள்ல துணை இயக்குநராயிட்டீங்க” என்றாள். வயதாகிவிட்டதற்கு ஆதாரமாக அன்றைக்கு அவள் ஆதார் நகலை அனுப்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்தான். பழைய படங்களுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு பீரோ, பீரோவுக்குள் ஸ்விட்ச். போன வருஷம் அவனே குறித்து வைத்திருந்தபடி சர்வர் மூன்றாம் துளையில். மூன்றை ஏழுக்குப் பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். வரிகள் வந்தன. மெதுவாக, ஆடி அசைந்து, நிமிஷத்துக்கு இரண்டு. இருபது பேர் வேலை செய்கிற சர்வர் இப்படியா பேசும் என்று தலையைச் சொறிந்துகொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தான். பத்தரைக்கு வழக்கம்போல் எல்லாம் படுத்தது. அவன் திரையில் மட்டும் அதே இரண்டு வரி.

மதியம் தரவுப் பதிவாளர் பாக்கியமேரி எட்டிப் பார்த்தாள். “அண்ணே, மூணாம் துளையவா பாக்குறீங்க? அது கைநாட்டு வைக்கிற மெஷின். ரெண்டாயிரத்துப் பத்துல வந்தது, சீனியர். சர்வர் பத்தொன்பதுலதானே வந்துச்சு. அது கடைசித் துளை.”

ஆக, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று பார்க்காமல் அரை நாள் முழுவதும் வருகைப்பதிவு மெஷினை உளவு பார்த்திருந்தான் லக்ஷ்மணன். தன்னையே நொந்துகொண்டான். ஆனால் அதற்குள் செய்தி பரவிவிட்டது. கம்பெனிக்காரன் உள்ளே உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பிடிக்கிறானாம். மூன்று மணிக்குள் ஊழியர் சங்கம் கூடியது. நாலு மணிக்கு இயக்குநர் ஒரு குழுவை அமைத்தார். குழுவின் முதல் கூட்டம் மிரர் போர்ட்டுக்குத் தமிழில் பிரதிபலிப்பு முனை என்று பெயர் வைத்துவிட்டு, தேநீருக்குப் பின் கலைந்தது. இரண்டாவது கூட்டம் ஒரு சுற்றறிக்கை தயாரித்தது.

‘நாளை புதன்கிழமை முற்பகல் பத்தரை முதல் பதினொன்று வரை நெட்வொர்க் கண்காணிக்கப்படும். அந்த நேரத்தில் பணியாளர்கள் கண்ணியமான தகவல்களை மட்டும் அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

எது கண்ணியமான தகவல் என்று யாருக்கும் நிச்சயமில்லை. எதற்கு வம்பு என்று புதன்கிழமை பத்தரைக்கு ஒருவரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று இயக்குநரும் தம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். கட்டடம் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும். லக்ஷ்மணன் இப்போது சரியான துளையைத்தான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் வரவில்லை. குழு அறிக்கை எழுதியது: ‘கண்காணிக்கப்பட்ட நேரத்தில் கோளாறு ஏதும் தென்படவில்லை. பணி ஏதும் நடைபெறாதபோது அமைப்பு மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது.’

பதினொன்று ஐந்துக்குக் கோளாறு திரும்பி வந்தது.

அன்றைக்குப் பானுமதிக்கு மூன்றாவது கேள்வி வந்தது. ‘இணைக்கப்பட்ட அடையாள அட்டைப் படத்தில் ஜடையே காணப்படவில்லை. விளக்கம் தருக.’ அவள் கத்தவில்லை, அழவுமில்லை. அதுதான் லக்ஷ்மணனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ‘நேராக நின்று எடுத்த படமாதலால் ஜடை முதுகுப் பக்கம் உள்ளது என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“நாளைக்குப் போயி நானே குடுத்துட்டு வரேன். இதுக்கும் ஒண்ணு கேட்டார்னா அவ்ளோதாங்க. வெள்ளிக்கிழமை தாண்டிடும். நான் மறுபடி சோறு வடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்” என்றாள்.

“அப்படியெல்லாம் ஆகாது” என்றான் லக்ஷ்மணன். அவனுக்கே அதில் நம்பிக்கையில்லை.

வியாழக்கிழமை மறுபடி கண்காணிப்பதாக முடிவாகி, அதற்கும் சுற்றறிக்கை அடிக்கச் சொல்லியிருந்தார்கள். பத்தரைக்குக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டதால் சுற்றறிக்கை அச்சாகவில்லை. சுற்றறிக்கை வராததால் ஊழியர்கள் எப்போதும்போல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் லக்ஷ்மணனுக்கு உண்மை தெரிந்தது. திரையில் வரிகள் கொட்டின. முக்கால்வாசி வரிகள் ஒரே கம்ப்யூட்டருடையவை. ஒன்றாம் துளை.

இயக்குநரின் அறையில் அவர் கம்ப்யூட்டரோடு இணைத்து, சுவர் அகலத்துக்கு ஒரு டிவி உண்டு. நிலுவைத் திரை என்று பெயர். அலுவலகத்தில் எத்தனை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று உடனுக்குடன் காட்டும். அது விநாடிக்கு ஒரு தடவை சர்வரைக் கூப்பிட்டு, நிலுவையில் உள்ளதெல்லாம் கொண்டு வா என்று கேட்டுக்கொண்டிருந்தது. சர்வரும் பாவம், ஒவ்வொரு விநாடியும் அத்தனை விண்ணப்பத்தையும் படம், இணைப்பு, ஜடை சகிதம் தூக்கிக்கொண்டு ஓடியது. மற்றவர்களைக் கவனிக்க அதற்கு நேரமில்லை.

பாக்கியமேரியிடம் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்ப, நிலுவை இருக்கான்னு சார் பாக்குறதாலதான் நிலுவை நிக்குதுங்கிறீங்க?”

“ஆமா.”

“நிலுவை கூடினா இன்னும் நல்லா உத்துப் பாப்பாரே அண்ணே.”

‘கோளாறு: ஒன்றாம் முனை’ என்று எழுதிக் கொண்டுபோய் ஸ்ரீரங்கராஜனிடம் கொடுத்தான். அவர் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“ஒண்ணாம் முனையில கோளாறுங்கறது கிடையாது. ரெண்டிலேர்ந்துதான் கோளாறே ஆரம்பிக்கும்” என்றார். பிறகு, “சரி வாங்கோ, நேர்லயே விண்ணப்பிச்சுடுங்கோ. அடியேன் பக்கத்துல நிக்கறேன்” என்று எழுந்தார்.

ஜெய்சங்கர் அறையில் டிவியில் நிலுவை எண் சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. லக்ஷ்மணன் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். நிலுவைத் திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றான்.

“மிஸ்டர் லக்ஷ்மணன்” என்றார் இயக்குநர். “நான் இங்க வந்தப்ப நிலுவை எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்கு எல்லாருக்கும் தெரியும். நிலுவை கூடியிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது துல்லியமா கூடியிருக்கு. எனக்கு வேண்டியது வெளிப்படைத்தன்மை. எல்லாம் என் பார்வைல நடக்கணும். நடக்கலைன்னாலும் என் பார்வைல நடக்காம இருக்கணும்.”

“சரிங்க சார்.”

“அதிருக்கட்டும். அந்தப் பிரதிபலிப்பு முனைல எல்லாருடையதும் வருமா?”

“சர்வருக்குப் போறது வர்றது எல்லாம் வரும் சார்.”

“மூணு நாளா அது யாருக்கு வந்துக்கிட்டிருக்கு?”

“எனக்கு சார்.”

ஜெய்சங்கர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். “ஒரு கான்ட்ராக்ட்காரருக்கு எல்லாம் வருது. டைரக்டருக்கு வரல. இது உங்க கவனத்துக்கு வரலையா?”

“கிரமத் தப்பு சார். இப்பவே சரி பண்ணிடலாம்” என்றார் ஸ்ரீரங்கராஜன். “ஆனா சார் ஒண்ணாம் முனையை விட்டு ஏழாம் முனைக்கு இறங்கப்படாது. அந்தப் பிரதிபலிப்பையே ஒண்ணாம் முனைக்கு வரச் சொல்லிடலாம்.”

லக்ஷ்மணன் குறுக்கிட்டான். “சார், அது சரிப்படாதுங்க. அந்தத் துளைல வர மட்டும்தான் செய்யும். போகாது.”

“வரட்டும். எனக்கு வரணும். அதான் வேணும்.”

“அதுல இருந்துக்கிட்டு நீங்க எதையும் அனுப்ப முடியாதுங்க சார்.”

“நான் என்னய்யா அனுப்பப் போறேன்?” என்றார் ஜெய்சங்கர். “இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் எதையும் அப்படிச் சட்டுனு அனுப்பினதில்லை. நிறுத்தித்தான் வச்சிருக்கேன். அந்தப் பேர்தான் என் சொத்து.”

வெளியே வந்ததும் ஸ்ரீரங்கராஜன் மாடிப்படியில் நின்றார். “வாங்கிக்கும், கொடுக்காது. அப்படித்தானே சொன்னீர்?” என்று கேட்டார். லக்ஷ்மணன் ஆமாம் என்றான். பெரியவர் இரண்டு படி இறங்கினார். பிறகு திரும்பிப் பார்த்து, “நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சுடும். பத்து மணிக்கே நீர் வந்துடும்” என்றார். கண்காணிப்பாளர் முகத்தில் லக்ஷ்மணன் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

படிக்கட்டின் அடியில் உள்ள பெஞ்சில் வையம்பட்டி பெரியண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த பெஞ்சில் அவருக்கு நிரந்தர இடம். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மெய்ச்சான்று கேட்டு விண்ணப்பித்தவர். மகனுக்குப் போன தையில் கல்யாணமாகிவிட்டது. “இப்ப அது தேவையில்லதாங்க. இருந்தாலும் போட்ட மனுவ அம்போன்னு விட்டுட்டுப் போக மனசு வரலீங்க” என்பார் கேட்பவர்களிடம். அவர் பக்கத்தில் பானுமதி நின்றாள். ஜடை உறுதிமொழியைப் பாக்கியமேரியிடம் கொடுத்துப் பதிவு செய்துவிட்டிருந்தாள். சாயங்காலம் மூடுகிற நேரத்தில் அது இயக்குநருக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே இயக்குநரின் கார் வந்துவிட்டது. லக்ஷ்மணன் அவர் கம்ப்யூட்டரில் கேபிளில் வருகிற வரிகளைக் காட்டுகிற தன்னுடைய மென்பொருளைப் போட உட்கார்ந்தான். திரையில் ஒரு விண்ணப்பம் திறந்திருந்தது. ஒற்றை ஜடையோடு பானுமதி அவனைப் பார்த்தாள். கீழே கேள்விக் கட்டத்தில் பாதி வாசகம்: ‘உறுதிமொழியில் கையெழுத்து சற்றே சாய்ந்துள்ளது. கையெழுத்திடும்போது விண்ணப்பதாரர் அமர்ந்திருந்தாரா, நின்ற’

அங்கே நின்றிருந்தது. அதற்குள் திறப்பு விழாவுக்கு யாரோ பூங்கொத்தோடு வந்து அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இது போனால் தீர்ந்தது. பதில் எழுதி, பதிந்து, மறுபடி அவர் பார்வைக்குப் போய்ச் சேரும்போது திங்கட்கிழமை. லக்ஷ்மணனின் விரல் மவுஸின் மேல் இருந்தது. மூடிவிடலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மென்பொருளை மட்டும் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ஸ்டோர் ரூம் பீரோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். உடைந்த நாற்காலிகளைத் திரை போட்டு மறைத்திருந்தார்கள். ஸ்விட்சை ஆட்டிவைக்கிற கட்டளையை லக்ஷ்மணன் தன் லேப்டாப்பில் அடித்து முடித்து, விலகி நின்றான். ஸ்ரீரங்கராஜன் கடிகாரத்தைப் பார்த்து, “சார், முகூர்த்தம்” என்றார். இயக்குநர் ஜெய்சங்கர் தம் பொன்னான கரத்தால் என்டர் கீயை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கணத்திலிருந்து அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து ஒரு எழுத்துகூட வெளியே போகாது என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவரிடமும் சொல்லித்தான் இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் பெரிய டிவியில் வரிகள் ஓட ஆரம்பித்தன. பச்சை, நீலம், ஊதா, நடுநடுவே கறுப்பு. சர்வருக்குப் போகிற ஒவ்வொன்றும், வருகிற ஒவ்வொன்றும். ஜெய்சங்கர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

“இதெல்லாம் நம்ம ஆபீஸா?”

“ஆமாங்க சார். இப்ப இந்த நிமிஷம் நடக்கறது” என்றான் லக்ஷ்மணன்.

“என்ன வேகம்” என்றார். கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு ஞாபகம் வந்தவராகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். விட்ட இடத்திலிருந்து ‘...ிருந்தாரா என்பதைத் தெளிவுபடுத்துக’ என்று ஒற்றை விரலால் அடித்து முடித்தார். அனுப்பு பொத்தானை அழுத்தினார். ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன இது சுத்துது?”

லக்ஷ்மணன் வாயைத் திறந்தான். ஆனால் ஸ்ரீரங்கராஜன் முந்திக்கொண்டார். “கனமான கேள்வி சார். மெதுவாத்தான் போகும்.”

ஜெய்சங்கருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

பத்தரை ஆனது. சர்வரைக் கூப்பிட நிலுவைத் திரைக்கு வழியில்லை; ஒரு கம்ப்யூட்டரும் படுக்கவில்லை. ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் சாருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்கள். பதினொரு மணிக்குப் பாக்கியமேரியின் திரையில் யாரும் பார்த்திராத ஒரு வாசகம் வந்தது. அவள் பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஸ்ரீரங்கராஜன் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“‘உரிய நேரத்தில் வினா எழுப்பப்படவில்லை. ஒப்புதல் வழங்கப்பட்டதாகக் கருதப்படுகிறது.’ இந்த வாசகத்தை அடியேன் இத்தனை வருஷ சர்வீஸ்ல சேவிச்சதில்லை.”

“அடிக்கவா சார்?” என்றாள் பாக்கியமேரி, பிரின்டரைக் காட்டி.

“அடிம்மா.”

முதலில் வந்தது பானுமதியின் மெய்ச்சான்று. அடுத்தது பெரியண்ணன் மகனுடையது. அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஸ்ரீரங்கராஜன் ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தினார். ஆனால் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம். “வேலைக்குப் போற குழந்தை. நல்ல நேரத்துல போகட்டும்” என்றார்.

லக்ஷ்மணன் திடுக்கிட்டான். “சார், உங்களுக்கு...”

“டிபன் பாக்ஸோட தினம் வர்றவர் பையிலயும் நேத்து பெஞ்சு பக்கத்துல நின்னவா பையிலயும் ஒரே புத்தூர் ஜவுளிக்கடைப் பேர் போட்டிருக்கே. அடியேன் கண்காணிப்பாளர்தானே ஓய்” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் இயக்குநர் அறைக்கதவு திறந்தது. மேசைமேல் பானுமதியின் சான்றிதழ் மல்லாந்து கிடந்தது. ஸ்ரீரங்கராஜன் அதன்மேல் மெதுவாகத் தம் உள்ளங்கையை வைத்தார்.

“அந்த ஜடை கேஸ்ல என் கேள்வி போச்சா?”

“போயிண்டே இருக்கு சார்.”

“அவசரமில்ல. போகட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி டிவி பார்க்கப் போய்விட்டார்.

பாலத்தில் லக்ஷ்மணன் ஸ்கூட்டரை ஓட்டின ஓட்டுக்குப் போலீஸ்காரர் கை காட்டியிருக்க வேண்டும். நல்ல வேளை, அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பானுமதி மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். தாளை வாங்கி முதலில் முத்திரையைப் பார்த்தாள், அப்புறம் தன் படத்தைப் பார்த்தாள். அவன் முழங்கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு உள்ளே ஓடினாள். ஓடும்போது ஜடை முதுகில் ஆடியது. உறுதிமொழியில் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

அடுத்த வாரம் இயக்ககத்தில் பாராட்டு விழா. நிலுவை பாதிக்குமேல் குறைந்திருந்தது. ஜெய்சங்கர் பேசினார். “எல்லாத்தையும் நான் நேரடியா பார்க்க ஆரம்பிச்சேன். ஒரே வாரத்துல வேகத்தைப் பாருங்க. தலைமை விழிச்சிருந்தா ஊழியர்கள் தானா ஓடுவாங்க. நான் ஒண்ணுமே செய்யல. சும்மா பார்த்துக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்.” அந்த இயக்ககத்தின் மேடையில் இவ்வளவு நேர்மையான பேச்சை அதுவரை யாரும் பேசியதில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மற்ற மண்டல இயக்குநர்கள் தங்களுக்கும் ஒரு பிரதிபலிப்பு முனை வேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கேள்வி. இணை இயக்குநர் மட்டும், இரண்டாம் முனைக்கு அது எப்போது வரும் என்று கொஞ்சம் மனத்தாங்கலாக இருக்கிறார்.

விழா முடிந்ததும் இயக்குநர் லக்ஷ்மணனை அறைக்குள் கூப்பிட்டார். டிவியில் வண்ண வண்ணமாக வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றுபோகும்போதெல்லாம் அவரே மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாராம்.

“அந்தம்மா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாங்களா, நின்னுக்கிட்டா? எனக்கு அது தெரிஞ்சாகணும்.”

“உட்கார்ந்துதாங்க சார்” என்றான் லக்ஷ்மணன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு ஊகம்தாங்க.”

“எனக்கு ஊகம் வேண்டாம், மிஸ்டர் லக்ஷ்மணன். கேள்வி முறையா போகட்டும், பதில் முறையா வரட்டும். எவ்வளவு நாளானாலும் நான் காத்திருக்கேன்.”

லக்ஷ்மணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். படிக்கட்டின் அடியில் பெரியண்ணன் இல்லை. அவர் பெஞ்சில் யாரும் இல்லை. அந்தக் கட்டடத்தில் இப்போது காத்திருக்கிற ஒரே ஆள் இயக்குநர்தான்.